மூச்சு வாங்குவது வயசுக் கோளாறு மட்டும்தானா?



"நாலு படி ஏறினா மூச்சு வாங்குது, சாயங்காலமானா காலு வீங்குது" என்கிறார் கணவர். "வயசாச்சில்லீங்க, அப்படித்தானுங்க இருக்கும்" என்கிறார் மனைவி. மேட்டுப்பாளையம் வட்டாரத்தில் பல வீடுகளில் நடக்கிற பேச்சு இது. ஆனால் இருதயத்தைப் பரிசோதிக்காமல் வயதின் மேல் பழி போடலாமா?

'அமைலாய்டு' என்று ஒரு நோய் உண்டு. உடம்பில் உண்டாகும் ஒருவகைப் புரதம் உருக்குலைந்து இருதயத் தசையில் படிகிறது. இருதயச் சுவர் தடித்து விறைத்துப் போகிறது. கொல்லன் துருத்தியின் தோல் விறைத்துவிட்டால் அது விரிந்து காற்றை இழுக்குமா? அதேபோல விறைத்த இருதயமும் விரிந்து போதிய இரத்தத்தை வாங்குவதில்லை.

இந்நோய் சிலருக்குக் கையில்தான் முதலில் தலைகாட்டும். இரண்டு கை விரல்களும் மரத்துப்போகும். பல வருஷம் கழித்தே மூச்சு வாங்கும். சிறுமுகையில் தறி நெய்கிறவர், "தறி வேலையால வந்ததுங்க" என்று இருந்துவிடுவார். அது உண்மையாகவும் இருக்கலாம். என்றாலும் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

இதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுப்பார்கள். எக்கோ என்பது ஒலி அலையால் எடுக்கும் படம். ஊசி இல்லை, வலி இல்லை. சுவரின் தடிப்பை அது காட்டிவிடும். இரத்தக் கொதிப்பினாலும் சுவர் தடிக்கும். ஆகவே சந்தேகம் இருந்தால், அணு மருத்துவப் பிரிவு உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். ஊசி வழியாக டெக்னீசியம் கலந்த மருந்தைச் செலுத்தி, சில மணி நேரம் கழித்துப் படம் எடுப்பார்கள். எலும்பில் தங்கவேண்டிய மருந்து இருதயத்திலும் தங்கினால், அது இந்நோய்க்கு முக்கிய அடையாளம்.

கூடவே இரத்தம், சிறுநீர் பரிசோதனையும் கட்டாயம். எலும்பு மஜ்ஜைக் கோளாறால் வரும் வகையும் இதில் உண்டு; அதற்குச் சிகிச்சையே வேறு, ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. மஜ்ஜைக் கோளாறு இல்லை என்று உறுதியாகி, ஸ்கேனும் தெளிவாக இருந்தால், பெரும்பாலும் இருதயத் தசையைக் கிள்ளி எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. பல நாட்டு நிபுணர்கள் 2016-இல் இதை எடுத்துக்காட்டினார்கள்.

படிந்த கேட்டை முழுவதும் போக்க முடியாவிட்டாலும், மேலும் வளராமல் தாமதப்படுத்த மருந்து உண்டு. டஃபாமிடிஸ் என்ற மருந்துக்கு 2019-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலை அதிகம்தான். ஆனால் மூச்சுத் திணறலையும் வீக்கத்தையும் குறைக்கச் சாதாரண மருந்துகளும் உதவும். முன்னதாகக் கண்டால்தான் பலன் அதிகம். சிலருக்கு இது பரம்பரையாக வரும். அப்போது உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் டாக்டரிடம் காட்டிக்கொள்ள வேண்டும்.

மூச்சு வாங்குதல், கால் வீக்கம் இருந்தால், மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு ஆஸ்பத்திரிக்கோ செல்லுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள். அவர் மறைப்பதை நீங்கள் சொல்வீர்கள். நீங்கள் மறப்பதை அவர் சொல்வார்.

நலமுடன் வாழ்க!