கடன் வாங்கிய அழகு



காதற் புதினங்களின் தலைவியர் பெரும்பாலும் பேரழகியர். படித்து முடித்துக் கண்ணாடி முன் நிற்கும் வாசகிக்கு எஞ்சுவது ஏக்கமே. இம்மரபை மீறிற்று, 1847ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வெளிவந்த 'ஜேன் அயர்'. கரர் பெல் என்னும் புனைபெயரில் அதை எழுதிய சார்லட் பிராண்டே, தம்மைப் போன்றே சிற்றுருவமும் அழகற்ற முகமும் உடையவளைத் தலைவியாக்கினார்.

பெற்றோரற்ற ஆசிரியை ஜேன். செல்வரான ரோச்செஸ்டர் அவளை மணக்க விழைகிறார். மறுநாட் காலை கண்ணாடி பார்க்கிறாள். தன் முகம் இப்போது அழகற்றதாகத் தோன்றவில்லை. பலரும் போற்றும் இடம் இது. ஆயினும், அவ்வழகு பிறர் கண்ணிடம் வாங்கிய கடனே அன்றோ?

திருமண நாளில், அவருடைய மனைவி உயிரோடிருப்பது வெளிப்படுகிறது. மணமின்றியே உடன்வாழ அவர் மன்றாடுகிறார். அவளுக்கும் அவர்மீது காதல் குறையவில்லை. தனக்காக வருந்த ஒருவருமில்லை என்பதையும் அறிவாள். அதனாலேயே தன்னைத் தான் மதித்தாக வேண்டும் என்று துணிந்து, விடியுமுன் வெளியேறுகிறாள். அங்கே கண்ணாடி இல்லை, புகழ்வாரும் இல்லை. தன்னை ஏற்றல் என்பது அதுவே. பின்னர்ப் பார்வையிழந்த ரோச்செஸ்டரிடம் அவள் மீள்வது, தன் மதிப்பை அவர் கண்களில் தேடி அன்று, தானே விரும்பி.

ஆகவே, காதற் கதை படிக்கும் பெண்களை எள்ளாதீர்கள். அவர்கள் நெஞ்சில் நின்ற பக்கம் எது, கண்ணாடியா, விடியுமுன் திறந்த கதவா என்று கேளுங்கள்.