நோக்கியா துறந்த செல்வம்

2011ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 11ஆந் திகதி இலண்டன் மாநகரில் இருவர் ஒரே மேடையில் தோன்றிக் கைகுலுக்கினர். ஒருவர் பின்லாந்து தேசத்து நோக்கியாக் கம்பனியின் தலைமை நிருவாகி ஸ்டீபன் ஈலொப். மற்றவர் அமெரிக்காவின் மைக்ரோசொவ்ட் கம்பனியின் தலைமை நிருவாகி ஸ்டீவ் பால்மர். நோக்கியா அதுகாறும் வளர்த்துவந்த மென்பொருள்களை ஒதுக்கி, இனித் தன் உயர்தரக் கைத்தொலைபேசிகளை மைக்ரோசொவ்டின் 'விண்டோஸ் போன்' என்னும் இயங்குதளத்தின்மீதே அமைக்கும் என்பது அன்று வெளியான அறிவித்தல். முந்திய ஆண்டில் உலகில் விற்பனையான அறிதிறன் தொலைபேசிகளுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினை விற்ற கம்பனி, இன்னொருவர் வளவிற் குடியிருக்கச் செல்லும் செய்தி அது. அன்றைய தினமே நோக்கியாவின் பங்குவிலை நூற்றுக்கு 14 வீதம் வீழ்ந்தது.

கம்பனிகள் வழிமாறுவது உலக வழக்கு. இலாபங் குன்றிய தொழிலை விட்டு இலாபந் தரும் தொழிலை நாடுவதில் வியப்பு யாதுமில்லை. ஆயின், அன்று நோக்கியா கைவிட்டவற்றுள் அதற்கே உரிய சரக்கு மாத்திரம் இருக்கவில்லை. பல தேசத்து நிரலாளர், ஊதியம் பெற்றோரும் பெறாதோருமாகக் கூடி உழைத்து உருவாக்கிய பொதுச்செல்வமொன்றும் அவற்றுள் அடங்கியிருந்தது. இவ்வரலாற்றை ஆராயத் தூண்டுவதும் அதுவே.

கைத்தொலைபேசி என்பது கண்ணாடியும் உலோகமுஞ் சேர்ந்ததொரு சிறு பெட்டி. அப்பெட்டியைப் பேசவும் எழுதவும் படம் பிடிக்கவும் செய்விப்பது இயங்குதளம் எனப்படும் மென்பொருள். அம்மென்பொருளை மனிதர் வாசித்து விளங்கிக்கொள்ளும் வடிவில் எழுதிவைத்தது மூலநிரல். பரம்பரை வைத்தியர் சிலர் நோயாளிக்குக் குளிகையைத் தருவர். குளிகை செய்யும் முறையெழுதிய ஏட்டினை எவர்க்குங் காட்டார். வைத்தியர் மறைந்தால் மருந்தும் அவரோடு மறையும். மூலநிரலை மறைத்து மென்பொருளை மாத்திரம் விற்கும் கம்பனிகளின் முறையும் அத்தகையதே. இதற்கு மாறாக, ஏட்டையே ஊர்ப்பொதுவில் வைத்து, 'வேண்டுவோர் படியெடுக்கலாம், பிழை திருத்தலாம், திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம்' என உரிமை எழுதிக் கொடுப்பது திறந்த மூலநிரல் முறை.

இம்முறை பின்லாந்து நாட்டுக்கு அந்நியமானதன்று. 1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவரான லினஸ் தோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது இளைஞர், தாம் எழுதிவந்த இயங்குதளமொன்றைப் பற்றிப் பிற நிரலாளர்க்கு அறிவித்தார். லினக்ஸ் எனப் பெயர்பெற்ற அதன் மூலநிரல் எவரும் எடுத்தாளத்தக்கதாக வெளியிடப்பட்டது. இன்று உலகின் அதிவேகக் கணினிகளென வரிசைப்படுத்தப்படும் ஐந்நூறும் அதன்மீதே இயங்குகின்றன. அதே 1991ஆம் ஆண்டில், யூலை மாதம் முதலாந் திகதி, பின்லாந்தின் முன்னாட் பிரதமர் ஹரி ஹோல்கெரி, தம்பெரே நகரத் துணை மேயருடன் 'ஜீ.எஸ்.எம்.' முறையிலான உலகின் முதலாவது தொலைபேசி உரையாடலை நிகழ்த்தினார். அதற்கு உபகரணம் அளித்தது நோக்கியா. ஐம்பது இலட்சம் மக்களே வாழ்ந்த ஒரு தேசத்தில், இரண்டு மாத இடைவெளியில், பிற்கால உலகை மாற்றிய இரு பொருள்கள் பிறந்தன.

நோக்கியாவின் முன்னைய வரலாறு நீண்டது. 1865இல் பிரெட்ரிக் ஈதெஸ்தாம் என்னும் சுரங்கப் பொறியியலாளர் தம்பெரேயில் தொடங்கிய மரக்கூழ் ஆலையே அதன் வித்து. நோக்கியா என்பது இரண்டாவது ஆலை எழுந்த ஊரின் பெயர். 1967இல் இறப்பர்த் தொழிற்சாலையும் மின்வடத் தொழிற்சாலையும் அதனுடன் ஒன்றிணைந்தன. கடதாசியில் தொடங்கி இறப்பர்ச் சப்பாத்து வரை செய்த கம்பனி, 1998இல் உலகின் முதன்மைக் கைத்தொலைபேசி உற்பத்தியாளராயிற்று. 2003இல் வெளியான நோக்கியா 1100 என்னும் எளிய தொலைபேசி மாத்திரம் 25 கோடிக்கு மேல் விற்பனையானது. இடிந்து விழுந்தாலும் உடையாத அத்தொலைபேசியை நேயர்கள் பலர் கையாண்டிருப்பர்.

பின்லாந்து பெற்ற இவ்விரு பிள்ளைகளும் 2005இல் ஒன்றுகூடின. அவ்வாண்டு நவம்பரில் நோக்கியா 770 என்னும் சிறுபலகை விற்பனைக்கு வந்தது. லினக்ஸின்மீது எழுப்பிய 'மேமோ' என்னும் இயங்குதளத்தை அது கொண்டிருந்தது. தொலைபேசி வசதி அதில் இல்லை, விற்பனையும் பெரிதன்று. எனினும் அதனைச் சூழ்ந்து ஆர்வலர் கூட்டமொன்று திரண்டது. அவர்கள் குறைகண்டு திருத்தினர். புதிய நிரல்களை எழுதிப் பகிர்ந்தனர். 2009இல் தொலைபேசி வசதியோடு என்-900 வந்தது. 2010 பெப்ருவரியில் நோக்கியாவும் இன்டெல் கம்பனியும் தத்தம் லினக்ஸ் முயற்சிகளை ஒன்றாக்கி 'மீகோ' எனப் பெயரிட்டு, அதனை லினக்ஸ் மன்றத்தின் பொறுப்பில் வைத்தன. நோர்வே நாட்டினர் உருவாக்கிய 'கியூட்' என்னும் நிரற்கருவித் தொகுதியை நோக்கியா 2008இல் விலைக்கு வாங்கி, அடுத்த ஆண்டில் அதன் உரிம விதிகளைத் தளர்த்தியது. அதன் பழைய இயங்குதளமான சிம்பியனின் மூலநிரலும் 2010 பெப்ருவரியிற் பொதுவில் வைக்கப்பட்டது. ஆக, வழிமாற்றத்துக்குச் சரியாக ஓராண்டின் முன்னர், ஏடுகள் பலவற்றைத் திறந்துவைத்த கம்பனியாக நோக்கியா விளங்கியது.

அப்படியாயின் வீழ்ச்சி எங்ஙனம் நேர்ந்தது? 2007இல் அப்பிள் கம்பனியின் ஐபோன் வந்தது. 2008இல் கூகிளின் அண்ட்ரொய்ட் தொலைபேசி வந்தது. விரலால் தொட்டு இயக்கும் பெருந்திரைக்கு மக்கள் பழகினர். சிம்பியனோ சிறு நினைவகமும் பொத்தான்களும் உடைய தொலைபேசிகளுக்கென அமைந்தது. அதற்கு நிரலெழுதுவது கடினமான பணி. மேமோப் பிரிவினரும் சிம்பியன் பிரிவினரும் ஒரே கூரையின்கீழ்ப் போட்டியாளராக இருந்தனர். மேமோ முதிருமுன் அதனை மீகோவாக மாற்றியதும் காலத்தை விழுங்கிற்று. மூலநிரலைத் திறந்துவைத்தமையால் நோக்கியா தோற்றதென்பது பொருந்தாது; திறந்துவைத்தமையே அதனைக் காத்திருக்கும் என்பதும் பொருந்தாது. காலந் தாழ்த்தியோர்க்கு இரண்டும் உதவா.

2010 செப்டெம்பரில் மைக்ரோசொவ்டிலிருந்து வந்து பதவியேற்றவர் ஈலொப். கனடா நாட்டவராகிய அவரே நோக்கியாவின் தலைமைப் பதவியை ஏற்ற முதல் வெளிநாட்டவர். 2011 பெப்ருவரித் தொடக்கத்தில் அவர் ஊழியர்க்கு அனுப்பிய கடிதமொன்று பத்திரிகைகளுக்குக் கசிந்தது. வடகடல் எண்ணெய்த் தளமொன்று தீப்பற்ற, அதிலிருந்த மனிதன் உறைகுளிர்க் கடலிற் குதிக்க நேர்ந்த கதையைச் சொல்லி, நோக்கியாவும் எரியும் தளத்தில் நிற்கிறது என அதில் அவர் எழுதியிருந்தார். நிலைமையை அவர் கணித்தது பெரும்பாலும் சரி. ஆனால் விற்பனைக்கு வைத்த சரக்கு எரிகிறதென்று கடைக்காரரே கூறிவிட்டால் வாங்குவோர் யார்? மாற்றுத் தொலைபேசி எதுவும் கைவசம் இல்லாத வேளையிற் பழைய தொலைபேசிகளுக்கு முடிவுநாட் குறித்தது பெரும் அவசரம். அவர் மைக்ரோசொவ்டின் கையாளாகவே அனுப்பப்பட்டார் எனச் சிலர் கூறுவதுண்டு. அதற்கு ஆதாரம் இல்லை. அவரை நியமித்ததும் அவர் முடிவை அங்கீகரித்ததும் யோர்மா ஒல்லிலா தலைமை வகித்த நோக்கியாவின் பணிப்பாளர் சபையே.

அண்ட்ரொய்டை ஏன் ஏற்கவில்லை என்ற கேள்விக்கும் ஈலொப் விடை கூறினார். அண்ட்ரொய்ட் உலகில் ஒரே உற்பத்தியாளர் ஏனையோரை விழுங்கிவிடுவார் என அவர் அஞ்சினார். சம்சுங் கம்பனியின் பிற்கால வளர்ச்சி அவ்வச்சம் வீணன்றெனக் காட்டியது. மைக்ரோசொவ்டோ காலாண்டுக்கு 25 கோடி டொலர் வீதம் நோக்கியாவுக்கு உதவிப்பணம் செலுத்தியது. கணக்கேட்டில் அது நல்ல வரவு. கணக்கேட்டில் இடம்பெறாதது, திசையைத் தெரியும் உரிமையை அதற்கு ஈடாகக் கொடுத்தமை.

இலண்டன் அறிவித்தல் வெளியான அன்று தம்பெரே நகரிற் சிம்பியன் பிரிவு ஊழியர் பெருந்தொகையினர் நேரத்தோடு வேலைத்தலத்தை விட்டு வெளியேறினர். சில மாதங்களில் ஏறக்குறைய 2,800 பேர் அக்சென்சர் கம்பனிக்கு மாற்றப்படுவர் எனத் தெரிவிக்கப்பட்டது. திறந்துவைத்த சிம்பியன் மூலநிரலுக்கும் அவ்வாண்டிலேயே மீண்டும் பூட்டு விழுந்தது. முன்னரே படியெடுத்தவர் கையிலிருந்த பிரதிகளை மாத்திரம் எவராலும் மீளப்பெற முடியவில்லை.

மீகோக் குழுவினரின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. தம் உழைப்புக்கு எதிர்காலம் இல்லையென அறிந்த பின்னரும், அவர்கள் தொடங்கிய பணியை முடித்தனர். 2011 யூனில் சிங்கப்பூரில் அறிமுகமான என்-9 தொலைபேசி அவர்கள் கைவண்ணம். முகப்பிற் பொத்தான் எதுவுமின்றி, திரையின் ஓரத்திலிருந்து விரலால் வருடியே யாவற்றையும் இயக்கலாம். கைத்தொலைபேசிகள் பல இன்று பின்பற்றும் முறையும் அதுவே. மதிப்புரை எழுதியோர் அதனைப் பெரிதும் பாராட்டினர். ஆனால் அமெரிக்கா, பிரித்தானியா, ஜேர்மனி முதலிய பெருஞ்சந்தைகளில் நோக்கியா அதனை விற்பனைக்கு விடவில்லை. அவ்வாண்டு நவம்பரில், ஏறக்குறைய அதே உடலமைப்பில், விண்டோஸ் போன் இயங்குதளத்தோடு லூமியா 800 வந்தது. உடல் ஒன்று, உயிர் வேறு!

குடியிருப்பவர் நிலை எத்தகையதென்பது விரைவிலே புலனாயிற்று. 2012 யூனில் மைக்ரோசொவ்ட் அடுத்த பதிப்பாகிய விண்டோஸ் போன் 8ஐ அறிவித்தபோது, முன்னர் விற்ற தொலைபேசிகளில் அது இயங்காதெனவும் தெரிவித்தது. சில வாரங்களுக்கு முன் விலையுயர்ந்த லூமியா வாங்கியவரும் ஏமாந்தனர். மூலநிரல் தன் கையில் இல்லாமையால் அவர்களுக்கு உதவ நோக்கியாவுக்கு வழியிருக்கவில்லை. அதே மாதத்திற் பதினாயிரம் வேலைகளைக் குறைக்கும் முடிவும், சாலோ நகர்த் தொழிற்சாலையை மூடும் முடிவும் வெளியாயின. 2014 பெப்ருவரியில் நோக்கியா அண்ட்ரொய்டைத் தழுவிய 'எக்ஸ்' என்னும் தொலைபேசியை வெளியிட்டதை விந்தையென்பதா, வேதனையென்பதா? இரண்டு மாதங்களின் பின், ஏப்ரல் 25ஆந் திகதி, கைத்தொலைபேசிப் பகுதி முழுவதும் மைக்ரோசொவ்டின் உடைமையாயிற்று. உடன்படிக்கை செய்தபோது குறித்த விலை 544 கோடி யூரோ.

அதன் தாக்கம் தமிழகம் வரை சென்றது. சென்னைக்கு அருகே ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கி ஆயிரக்கணக்கான இளைஞர்க்கும் பெண்களுக்கும் தொழில் அளித்த நோக்கியாத் தொழிற்சாலை, வரிவழக்குக் காரணமாக மைக்ரோசொவ்டுக்குக் கைமாறாமல் நின்றது. அங்குச் செய்த தொலைபேசிகளை வாங்கும் ஒப்பந்தத்தையும் மைக்ரோசொவ்ட் முடித்துக்கொள்ள, 2014 நவம்பர் முதலாந் திகதி உற்பத்தி நின்றது.

மைக்ரோசொவ்டும் வாழவில்லை. 2015 யூலையில் இக்கொள்வனவின் பேரில் 760 கோடி டொலரை நட்டமெனக் கணக்கிலெழுதி, 7,800 பேரை வேலையிலிருந்து நீக்கத் தீர்மானித்தது. 2020 தொடக்கத்தோடு கைத்தொலைபேசி விண்டோஸுக்கான ஆதரவு அற்றுப்போயிற்று. நோக்கியாக் கம்பனி இன்று தொலைத்தொடர்பு வலையமைப்பு உபகரணங்களைச் செய்து வாழ்கிறது. அதன் பெயர் தாங்கிய கைத்தொலைபேசிகளை, உரிமம் பெற்ற எச்.எம்.டி. என்னும் வேறொரு பின்லாந்துக் கம்பனி 2017 முதல் அண்ட்ரொய்டில் வெளியிட்டது.

துறக்கப்பட்ட பொதுச்செல்வம் என்னவாயிற்று? மீகோவின் மூலநிரல் பொதுவில் இருந்தமையால் அதனை எவரிடமும் இரந்து பெறவேண்டியிருக்கவில்லை. 2011இலேயே ஆர்வலர் அதனை எடுத்து 'மெர்' என்னும் பெயரில் வளர்த்தனர். நோக்கியாவிலிருந்து விலகிய மீகோ நிரலாளர் சிலர் 'யொல்லா' என்னும் சிறு கம்பனியை நிறுவி, மெரின்மீது 'செயில்பிஷ்' என்னும் இயங்குதளத்தை அமைத்து, 2013 நவம்பரிற் சொந்தத் தொலைபேசியும் வெளியிட்டனர். அதன் முகப்புப் பகுதியின் மூலநிரலை அவர்களும் மறைத்தே வைத்தனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கியூட் 2012இல் டிஜியா என்னும் பின்லாந்துக் கம்பனிக்குக் கைமாறி, இன்று மோட்டார் வாகனங்களின் திரைகளிலும் வாழ்கிறது.

2009இல் வெளியான என்-900க்கு நோக்கியா உதவி நிறுத்திப் பல்லாண்டுகளாகிவிட்டன. ஆயினும் 'மேமோ லெஸ்தே' என்னும் பெயரில், கூலி பெறாத சிலர் அதற்குப் புதிய மென்பொருளை எழுதி வந்துள்ளனர். இரண்டு ஆண்டுகள் பிந்திப் பிறந்த லூமியா 800க்கு அவ்வாறு எழுதும் உரிமை எவர்க்கும் வழங்கப்படவில்லை; அதன் ஏடு மைக்ரோசொவ்டின் பெட்டகத்தில் இருக்கிறது.