ஆலையும் பாட்டும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"வளர்ப்பும் கனவும்" என்னும் பொருளில் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பொதுவாகப் பேசப் புகுந்தால் ஒரு மணி நேரம் பேசிவிடலாம்; ஆனால் கேட்டவர்கள் வீட்டுக்கு எடுத்துச் செல்ல ஒன்றும் இராது. ஆகவே, ஒரே ஒரு வீட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எட்டயபுரத்துச் சின்னசாமி ஐயர் வீடு.

அவ்வீட்டுப் பிள்ளையாக 1882 டிசம்பர் 11 அன்று பிறந்த சுப்பிரமணியனை நாம் பாரதியாக அறிவோம். அவருடைய தந்தையை அறிவோமா? தந்தையைப் பற்றிய நம் எண்ணம் பெரும்பாலும் மகன் சொன்னதைக் கொண்டே அமைந்தது. 1910 இல், புதுவையில் இருந்த காலத்தில், பாரதி தம் சுயசரிதையைக் கவிதையாக வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. அதில் வரும் சிறுவனின் தனிமை எவர் மனத்தையும் உருக்கும். ஒத்த வயதுச் சிறுவர்கள் மரத்தில் ஏறி இறங்கி விளையாடுகிறார்கள். இவனோ தந்தையின் கட்டளைக்கு அஞ்சி, தெருவில் இறங்காமல், நூல்களே துணையாக ஒடுங்கியிருக்கிறான். ஐந்து வயதிலேயே தாயை இழந்த பிள்ளை என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். பின்னாளில் பாப்பாவை நோக்கி அவர் பாடிய பாட்டின் முதல் ஏவல் விளையாட்டைப் பற்றியதாக ஏன் அமைந்தது என்று நான் வியப்பதில்லை. தமக்குக் கிடைக்காததை அவர் தமிழ்க் குழந்தைகள் அனைவருக்கும் கொடுத்துவிட்டுப் போனார்.

இதுவரை எளிது. வளர்ப்பில் மறுக்கப்பட்டது கனவாக எழும் என்பதை நம்மில் பலர் மேடைகளில் சொல்லியிருக்கிறோம். எனக்கு இடறுவது அடுத்த செய்திதான்.

சின்னசாமி ஐயர் எட்டயபுரம் அரண்மனையில் பணிபுரிந்தவர், தமிழறிந்தவர், கணிதத்தில் வல்லவர், எல்லாவற்றுக்கும் மேலாக, இயந்திரங்களின் மேல் தீராத நாட்டம் கொண்டவர். கரிசல் மண்ணில் விளையும் பருத்தி அவ்வூரைச் சுற்றிலும் வண்டி வண்டியாகப் போய்க்கொண்டிருந்த காலம். பஞ்சையும் கொட்டையையும் பிரித்தெடுக்கும் ஆலையொன்றை அவர் நிறுவினார். வெள்ளையர் வணிகத்தின் போட்டிக்கும் சூழ்ச்சிக்கும் ஈடுகொடுக்க இயலாமல் அது நொடித்தது என்பர் வரலாறு எழுதியோர். கைப்பொருள் அனைத்தும் போயிற்று. 1898 இல் அவரும் போனார். மகனுக்கு அப்போது வயது பதினைந்து.

அந்தத் தந்தை மகனுக்காகக் கண்ட கனவு என்ன? கணிதமும் ஆங்கிலமும் கற்று, இயந்திரக் கலையில் தேர வேண்டும் என்பது. மகன் கவிதை பாடினான். திருநெல்வேலிக்கு அனுப்பிப் படிக்க வைத்த ஆங்கிலக் கல்வியைச் சுயசரிதையில் பாரதி சாடுவதுபோல் வேறெவரும் சாடியதில்லை. தந்தைக்குச் செலவு, தமக்குத் தீமை, நன்மை என்பது எள்ளளவும் இல்லை என்பது அவர் தீர்ப்பு.

அந்தத் தீர்ப்பை அப்படியே ஏற்க எனக்கு மனமில்லை. பாரதி அன்பர்கள் பொறுத்தருள்க. 1897 இல், தந்தையின் செல்வம் நொடித்த நிலையில், தம் கல்விக்குப் பொருளுதவி வேண்டி எட்டயபுரம் மன்னருக்குச் செய்யுளில் விண்ணப்பம் எழுதிய பதினான்கு வயதுச் சிறுவனும் இதே பாரதிதான். இழந்துவிடுவோமோ என்று அஞ்சிய கல்வியைத்தான் பதின்மூன்று ஆண்டுகள் கழித்துத் தூற்றினார். ஷெல்லியின் மேல் காதல்கொண்டு 'ஷெல்லிதாசன்' என்று பெயர் சூட்டிக்கொண்டது எந்தக் கல்வியால்? 1904 நவம்பரில் சுதேசமித்திரனில் துணையாசிரியராக அமர்ந்து, ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கிக் குடும்பத்தைக் காத்தது எந்தக் கல்வியால்? மகன் தன் குறையைப் பாடினான். அது நூற்றாண்டைக் கடந்து நிற்கிறது. தந்தையின் தரப்பைப் பாட அவ்வீட்டில் வேறு கவிஞர் இல்லை.

ஆனால், பாரத தேசத்தைப் பற்றி அவர் பாடிய அந்தப் பட்டியல் பாட்டை நினைவுகூருங்கள். ஆயுதம், காகிதம், ஆலை, கல்விச்சாலை, குடை, கலப்பை, கோணி, இரும்பாணி! தெருவெல்லாம் மலைபோலத் துணி குவிகிறது. விடுதலைக் கனவு கண்ட கவிஞர் பலர். அக்கனவில் ஆணியையும் கோணியையும் எண்ணி வைத்தவர் எத்தனை பேர்? பருத்தி மூட்டைகளுக்கு நடுவே வளர்ந்த பிள்ளைக்குத்தான் கோணியின் அருமை தெரியும். வாழ்நாளெல்லாம் விலகி ஓடிய இயந்திரம் பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. சின்னசாமி ஐயரின் நொடித்த ஆலையை அவர் மகன் நாடு முழுவதற்குமாக மீண்டும் கட்டினான் என்றே நான் படிக்கிறேன். அவன் அதை அறிந்து செய்தானா என்பது வேறு கேள்வி.

இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கொஞ்சம் சொந்தக் கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் தந்தையார் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதியவர். நான் தட்டச்சில் கீழ்நிலை, மேல்நிலை இரண்டும் தேறி அரசுப் பணியில் சேர வேண்டும் என்பதே அவருடைய பெருங்கனவு. மேசைவிளக்கின் கீழ் அவர் பேரேட்டில் கோடு இழுக்கும்போது எதிரே உட்கார்ந்து நான் கூட்டல் சரிபார்க்க வேண்டும். ஒரு காசு இடித்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த ஆண்டுகளைப் பற்றி நான் எழுதிய கவிதை நம் வட்டத்தின் முதலாண்டு மலரில் வெளிவந்தது. தந்தை எண்களால் கட்டிய சிறையில் என் சொற்கள் மூச்சுத் திணறின என்பது அதன் சாரம். அன்று இதே மன்றத்தில் பெருத்த கைதட்டல் கிடைத்தது. இங்குள்ள மூத்த அன்பர்களுக்கு நினைவிருக்கும். மலரின் ஒரு படியை வீட்டில் மேசைமேல் வைத்தேன். அவர் படித்தாரா என்று நானும் கேட்கவில்லை; அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் மறைந்தபின் பெட்டியை ஒழித்தபோது அந்தப் படி கிடைத்தது. என் கவிதை இருந்த பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் பென்சில் குறி. 'கணக்கு புத்தகம்' என்று ஒற்று விடுபட்டு அச்சாகியிருந்தது. இடையில் ஒரு 'ப்' சேர்த்திருந்தார், பேரேட்டில் எழுதும் அதே கையெழுத்தில். வேறு ஒரு சொல் இல்லை.

ஒரு கவிதையைப் பதினைந்து முறை திருத்தாமல் நான் வெளியே விடுவதில்லை என்று நம் நண்பர்கள் கேலி செய்வதுண்டு. அந்தப் பழக்கத்தை எந்த யாப்பு நூலிலும் நான் கற்கவில்லை. (என் மகள் பட்டயக் கணக்காயர் தேர்வுக்குப் படிக்கிறாள். என்னை விட்டுவிட்டுப் பாட்டனாரின் கனவு அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. கவிதை எழுது என்று நான் வற்புறுத்தியதற்கு அவள் ஒருநாள் கண்டனக் கவிதை எழுதக்கூடும். நல்லவேளை, அவளுக்கு நேரமில்லை.)

இந்தப் பத்தாம் ஆண்டு மலரில் அக்கவிதையை மீண்டும் வெளியிட மலர்க்குழுவினர் இசைவு கேட்டார்கள். வேண்டாமென்று மறுக்கத்தான் முதலில் நினைத்தேன். பிறகு, எழுதிய வயதின் கோபம் எழுதியபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு வரியையும் மாற்றவில்லை. அந்த ஒற்றை மட்டும் என் தந்தையார் சேர்த்தபடி சேர்த்து அச்சிடுமாறு கேட்டிருக்கிறேன்.