தாளத்தின் மேல் ஒரு கேலிக்குரல்

டெக்னோ என்ற மின்னணு நடன இசை என்றால் வெறும் 'டம் டம்' சத்தம், அதில் சொல்லுக்கு இடமில்லை என்று நினைப்பவர்கள் பலர். அவர்கள் சிகாகோ நகரத்துக் கர்ட்டிஸ் ஜோன்ஸைக் கேட்க வேண்டும். 1968-இல் பிறந்தவர். வேதிப் பொறியியல் படித்து, மேற்படிப்புக்குக் கலிஃபோர்னியா போனவர், அதைப் பாதியில் விட்டு ஊர் திரும்பி இசையில் இறங்கினார். காஜ்மியர் என்ற பெயரில் ஹவுஸ் என்னும் நடன இசை தந்தார். பச்சை முடியோடு மேடையேறும் டெக்னோ கலைஞராக அவருக்குப் பெயர் கிரீன் வெல்வெட்.

1995-இல் வந்த அவருடைய 'ஃபிளாஷ்' பாட்டை எடுத்துக்கொள்வோம். மெட்டு என்று சொல்ல அதில் பெரிதாக எதுவும் இல்லை. டிரம் மெஷினின் அடி, அடியில் ஓடும் கனத்த ஒலி, அவ்வளவுதான். அதன்மேல் ஒருவர் பேசுகிறார். பெற்றோர்களை வரவேற்று, அவர்களுடைய பிள்ளைகள் இரவில் கூத்தடிக்கும் கிளப்பைச் சுற்றிக் காட்டுகிறார். பிள்ளைகள் பலூனில் அடைத்த வாயுவை உறிஞ்சிப் போதையேற்றிக்கொள்வதைக் காட்டிவிட்டு, கேமராவைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொல்கிறார். உடனே தாளம் படபடவென்று வெடிக்கிறது. வேடிக்கை பார்க்க வந்த பெற்றோருக்கும் அடி, அதே பாட்டுக்கு ஆடும் பிள்ளைகளுக்கும் அடி! தன் பாட்டுக்கு ஆடுகிறவர்களையே அவர்கள் முகத்துக்கு நேரே கேலி செய்யத் துணிச்சல் வேண்டும். அது அவரிடம் இருந்தது.

1997-இல் வந்த 'ஆன்சரிங் மெஷின்' பாட்டில், தொலைபேசியில் பதிவான செய்திகள் ஒவ்வொன்றாக ஒலிக்கின்றன. குழந்தை உன்னுடையது இல்லை என்கிறாள் காதலி. வீட்டைக் காலி பண்ணச் சொல்கிறார் வீட்டுக்காரர். 2001-இல் வந்த 'லா லா லேண்ட்', போதை மாத்திரை மூளையை என்ன செய்யும் என்பதைச் சிரித்த முகத்தோடு சொல்கிறது. அந்த மாத்திரை புழங்கிய கிளப்புகளிலேயே அது ஒலித்தது.

ஒலியில் சிக்கனம் காட்டியவர் ஜோன்ஸ் மட்டுமல்ல. டெட்ராய்ட் நகரத்தில் ராபர்ட் ஹூட் என்ற கலைஞர் 1994-இல் 'மினிமல் நேஷன்' இசைத்தொகுப்பை வெளியிட்டு, வேண்டாததையெல்லாம் களைந்த மினிமல் டெக்னோவுக்கு வழி வகுத்திருந்தார். ஜோன்ஸின் பாணி வேறு, ஆனால் சிக்கனம் அதே சிக்கனம்தான். ஒலிகள் குறைவாக இருப்பதால்தான் குரலின் ஏற்ற இறக்கம் ஒன்றுவிடாமல் காதில் விழுகிறது. வாத்தியங்களை அடுக்கியிருந்தால் இந்தக் கேலி அமுங்கிப்போயிருக்கும்.

இந்தப் பாடல்களைத் தேடிக் கேளுங்கள். 'ஃபிளாஷ்' பாட்டிலிருந்து தொடங்கலாம். ஆடுவதை இரண்டாம் முறைக்கு வைத்துக்கொண்டு, முதல் முறை அவர் பேசுவதைக் கவனியுங்கள்.