பேதி மருந்திலும் கணக்கு வேண்டும்

(நம் சங்கத்தின் மூத்தோர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நான் மருத்துவன் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். வெளியே சொல்லக் கூச்சப்பட்டு நான் பட்ட பாட்டை நீங்கள் படவேண்டாம் என்றுதான் பேச வந்தேன். விஷயம், மலச்சிக்கல்.

தினமும் இரவு அரை ஸ்பூன் நிலாவாகைச் சூரணம் என்று ஆரம்பித்தேன். இரண்டு வருஷத்தில் அது இரண்டு ஸ்பூன் ஆனது. மூலிகைதானே என்ற தைரியம். ஒருநாள் விடியற்காலை வயிற்றுப்போக்கோடு குளியலறையில் மயங்கி விழுந்தேன். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" முட்டுவலிக்கு நானாக வாங்கிய கால்சியம் மாத்திரைதான் மலத்தை இறுக்கியிருக்கிறது. ஒரு மருந்தால் வந்த சிக்கலுக்கு இன்னொரு மருந்து!

நிலாவாகை நம் மண்ணுக்குப் பெருமை சேர்த்த இலை. நம் பக்கத்து விவசாயிகள் அவுரி என்பார்கள். நீலச்சாயம் எடுக்கும் அவுரி வேறு. தூத்துக்குடி துறைமுகம் வழியாக வெளிநாடு போன இதற்கு, உலகச் சந்தையில் 'டின்னவெலி சென்னா' என்றே பெயர். பெருமை இருக்கட்டும், மருந்து மருந்துதான்.

பேதி மருந்துகளில் முக்கியமாக நான்கு வகை.

1. இசப்கோல்: தண்ணீரை உறிஞ்சி உப்பி, மலத்துக்குப் பருமன் தரும். பலன் தெரிய இரண்டு மூன்று நாளாகும். ஒரு தம்ளர் நிறையத் தண்ணீர் குடிக்காவிட்டால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும்.

2. லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைக்கால்: குடலுக்குள் தண்ணீரை இழுத்து மலத்தை இளக்கும். ஒன்றிரண்டு நாளாகும். மக்னீசியம் கலந்த மருந்தும் இந்த வகைதான். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடக்கூடாது.

3. நிலாவாகை, பிசகோடில், விளக்கெண்ணெய்: குடலைத் தூண்டிவிடும். நிலாவாகை ராத்திரி சாப்பிட்டால் காலையில் வேலை செய்யும். அவசரத்துக்குச் சில நாள் சரி. கேட்பாரின்றித் தினமும் அளவைக் கூட்டுவது ஓவர்டிராஃப்டில் குடும்பம் நடத்துவது போல.

4. லிக்விட் பாரஃபின்: வழுக்கித் தள்ளும். படுக்கையில் இருப்பவர்கள், விழுங்கச் சிரமப்படுபவர்கள் குடித்தால் நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு.

கடைக்குப் போகுமுன் செய்யவேண்டியவை: வாழைத்தண்டு, கீரை, கொய்யா சேருங்கள். தாமிரபரணித் தண்ணீர் வீட்டுக் குழாயில் வருகிறது, நாம்தான் குடிப்பதில்லை. இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் தண்ணீரின் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். காலைப் பலகாரம் முடிந்ததும் குடல் தானாக அசையும்; அப்போது போய் உட்காருங்கள். வெஸ்டர்ன் கழிப்பறை என்றால் காலடியில் சிறு பலகை போடுங்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ஐம்பது வயதுக்குமேல் புதிதாக வந்த மாற்றம் இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். கடும் வயிற்றுவலியும் வாந்தியும் இருந்து காற்றுகூடப் பிரியவில்லை என்றால், பேதி மருந்தைத் தொடாமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை, சில வலி மாத்திரைகள், சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகளும் மலத்தை இறுக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். அடுத்தமுறை போகும்போது, வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், சூரண டப்பாவையும் சேர்த்து, ஒரு மஞ்சப்பையில் போட்டு மருத்துவர் மேசையில் வையுங்கள். நான் அதை இரண்டு வருஷம் முன்னால் செய்திருந்தால் விழுந்திருக்க மாட்டேன்.