நிலுவையில் நிற்கும் பணத்தை எந்த வழியாகக் கேட்பது?



தென்பெண்ணைக் கரையில், மணலூர்பேட்டையில் கூடியிருக்கும் இந்த அவைக்குத் தலைமை ஏற்பது எனக்குக் கிடைத்த பேறு. துறையில் மூத்தவர்கள் முன்வரிசையில் இருப்பதால் சற்றுத் தயக்கமும் உண்டு. பரவல் பரிவர்த்தனை அமைப்புகளைக் கண்காணிக்கவும் கட்டுப்படுத்தவும் உதவும் நிரல் இடைமுகங்கள் (ஏபிஐ) நம் பொருள். ஜிம் கிரேயின் 1978-ஆம் ஆண்டுக் குறிப்புகளையும், எல்லாத் தரப்பும் சம்மதிக்கும்வரை பூட்டிவைத்து ஒன்றாக முடிக்கும் இருகட்ட உறுதிப்படுத்தலையும் இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு வழக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2025 ஏப்ரல் 12 அன்று, கைபேசிவழிப் பணப்பரிமாற்ற அமைப்பான யுபிஐ தடைபட்டது. பணம் அனுப்பும் கோரிக்கைகள் மிகுந்ததால் அல்ல. ‘அந்தப் பரிவர்த்தனை என்ன ஆயிற்று’ என்று கேட்கும் நிலையறி ஏபிஐ அழைப்புகளை வங்கிகள் வெள்ளமாக அனுப்பியதால். சில வங்கிகள் பழைய பரிவர்த்தனைகளுக்கும் திரும்பத் திரும்பக் கேட்டிருந்தன. கண்காணிக்க வைத்த இடைமுகமே அமைப்பைச் சாய்த்தது. இரண்டு மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் கேட்காதீர்கள் என்று யுபிஐயை நடத்தும் என்பிசிஐ வரம்பு கட்டியது.

அந்த வரம்போடு சிக்கல் தீர்ந்தது என்று நண்பர்கள் பலர் எழுதினார்கள். அவர்கள் உழைப்பை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. ஓர் எடுத்துக்காட்டு: தை 5-இல் அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு இவ்வூர் ஆற்றுக்கு எழுந்தருளும்போது கரை நெடுகக் கடைகள். கரும்பு வாங்கியவர் கணக்கில் பணம் கழிந்துவிட்டது. பணம் வந்ததைச் சொல்லும் கடைக்காரரின் ஒலிப்பெட்டி பேசவில்லை. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி அந்தப் பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆனால் கரும்பைக் கொடுப்பதா வேண்டாமா என்பது அந்த நிமிடக் கேள்வி. கேட்பதைக் குறைத்தால் அந்தக் கேள்வி போய்விடாது.

இங்குதான் நாம் படிக்காமல் ஒதுக்கிய ஆவணம் ஒன்றை நினைவூட்ட வேண்டும்: எக்ஸ்/ஓப்பன் குழு 1991-இல் பரவல் பரிவர்த்தனைகளுக்காக வெளியிட்ட எக்ஸ்ஏ விவரக்குறிப்பு. எல்லோரும் அதில் உறுதிப்படுத்தல் பகுதியோடு நிறுத்திவிடுகிறோம். மீட்புப் பகுதியில் ‘எக்ஸ்ஏ ரிகவர்’ என்றொரு அழைப்பு உண்டு. ஒவ்வொரு பரிவர்த்தனையாக விசாரிக்காமல், முடிவு தெரியாமல் நிற்பவை எல்லாவற்றையும் பட்டியலாகக் கேட்டு வாங்கும் அழைப்பு அது. தரவுத்தளம் தானாக முடிவெடுத்துவிட்டவையும் அந்தப் பட்டியலில் வரும். பார்த்துத் தீர்த்தபின் அவற்றை மறக்கச் சொல்ல இன்னோர் அழைப்பு. கண்காணிப்பும் கட்டுப்பாடும் அங்கே கைகோத்து நிற்கின்றன.

‘யுபிஐயில் இருகட்ட உறுதிப்படுத்தலே இல்லை, பற்று, பிறகு வரவு, தவறினால் திருப்பம், அவ்வளவுதான், எக்ஸ்ஏவுக்கு இங்கே என்ன வேலை’ என்று அன்பர் ஒருவர் முன்பு என்னை மறுத்தார். முன்பாதி சரி. ஆனால் பூட்டிவைக்கும் முறை பொருந்தாததால் மீட்பு முறையும் பொருந்தாது என்பது தருக்கமாகாது. பற்றுக்கும் வரவுக்கும் நடுவே பதில் தொலையும் இடம் இருக்கும்வரை, நிலுவைப் பட்டியல் கேட்கும் தேவையும் இருக்கும்.

ஆகவே இக்கருத்தரங்கின் தீர்மானத்தில் இரண்டைச் சேர்க்குமாறு வேண்டுகிறேன்: வங்கிகள் நிலுவைகளைத் தொகுப்பாகக் கேட்க ஓர் இடைமுகம், அதற்குப் பணம் செல்லும் பாதையில் குறுக்கிடாத தனி வழி. எதிர்ப்போர் மாலை அமர்வில் எழுந்து பேசுங்கள். பதில் சொல்லக் காத்திருக்கிறேன்.