அடைபட்ட அங்கணம்



வீட்டுக் கழிவுநீரைப் பற்றி வானொலியில் பேச என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். நம் முன்னோர் அவ்வாறு எண்ணவில்லை. கழிவுநீர் விழும் அங்கணம் திருக்குறளிலேயே இடம் பெற்றிருக்கிறது. மகளிர் கூந்தல் கழுவிய நீர் சுருங்கைத் தூம்பின் வழியே ஓடி அகழியில் கலப்பதாக மணிமேகலையில் ஒரு காட்சி உண்டு. உதிர்ந்த மயிர் அத்தூம்பை அடைத்துக்கொண்டதா என்பதை மட்டும் சாத்தனார் சொல்லாமல் விட்டுவிட்டார்! காப்பியத்தில் அடையாத தூம்பு நம் வீடுகளில் அடைகிறது. அப்படி அடைத்துக்கொண்ட ஒரு நாளைப் பற்றித்தான் இன்று சொல்லப் போகிறேன்.

சவ்வாது மலையடிவாரத்தில், சம்புவராயர்களின் தலைநகராய் விளங்கிய படவேட்டில் என் அத்தையின் வீடு இருக்கிறது. ஆடி வெள்ளிக்கிழமைகளில் ரேணுகாம்பாள் கோயிலுக்கு மக்கள் திரள் திரளாக வருவார்கள். அவ்வாறான ஒரு வெள்ளியன்று அத்தை வீட்டில் ஐம்பது பேருக்குக் கூழ் காய்ச்சினார்கள், வடையும் சுட்டார்கள். நண்பகலில், பாத்திரம் கழுவும் தொட்டியில் நீர் இறங்காமல் நின்றது. சற்று நேரத்தில் எண்ணெய் மிதக்கும் அந்த நீர் விளிம்பைத் தாண்டிச் சமையலறைக்குள் வழிந்தது.

வீட்டில் ஒரே பரபரப்பு. ஒருவர் வெளுப்புத் தூளைக் கொட்டினார். மற்றொருவர் கழிவறை கழுவும் அமிலப் புட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். வெளுப்புத் தூளும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு எழும். சன்னல் அடைத்த சிறு அறையில் அது மூச்சையே பறித்துவிடும். எரிசோடாவும் விளையாட்டுப் பொருளன்று. கொழுப்பை அது சோப்பாக மாற்றிக் கரைப்பது மெய்யே. ஆனால் நீரில் பட்டவுடன் கொதித்துத் தெறித்துக் கண்ணைக் கெடுத்துவிடும்.

அதற்குள் யாரோ ஆள் அனுப்பி, அடைப்பெடுக்கும் தொழிலாளர் ஒருவரை அழைத்து வந்துவிட்டார்கள். “கொல்லையில் இருக்கிற செப்டிக் தொட்டிதான் நிறைந்திருக்கும். ஐந்து நிமிடம் இறங்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்” என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் தீர்ப்பளித்தார். கூலியும் பேசி முடிந்தது. தொழிலாளர் சட்டையைக் கழற்றி மரக்கிளையில் மாட்டினார். அவர் முகத்தில் அச்சம் எதுவும் இல்லை. எனக்குத்தான் அடிவயிறு கலங்கியது.

அத்தொட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதை மாணவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். காற்றுப் புகாத இடத்தில் கழிவு அழுகும்போது ஐதரசன் சல்பைடு என்னும் வாயு உண்டாகிறது. சிறிதளவாயின் அழுகிய முட்டை நாற்றம் வீசும். அளவு மிகுந்தாலோ முதலில் மூக்கின் உணர்வையே அது மழுங்கடித்துவிடும். நாற்றம் இல்லையே என்று இறங்கியவர் அடுத்த சில மூச்சுகளில் சாய்கிறார்; அவரைத் தூக்கப் பின்னால் இறங்கியவரும் சாய்கிறார். காப்புக் கருவிகள் இல்லாமல் மனிதரை இவ்வாறு இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபாய் வழங்குமாறு 2014இல் உச்சநீதிமன்றம் பணித்தது. 2023இல் சாக்கடை மரணங்களுக்கு அதனை 30 இலட்சமாக உயர்த்தியது. இழப்பீடு உயர்ந்தது, மரணம் நிற்கவில்லை.

“அவசரப்பட வேண்டாம், ஐயா. சற்றுப் பொறுங்கள்” என்று அவரை நிறுத்திவிட்டு உள்ளே சென்றேன். கழிவறையில் ஒரு வாளி நீரைக் கொட்டினேன், தடையின்றி இறங்கியது. குளியலறையிலும் அவ்வாறே. வீட்டில் எல்லா வாய்களிலும் நீர் எதிர்த்து வந்தால் பொதுக் குழாயிலோ தொட்டியிலோ கோளாறு. ஒரே வாயில் மட்டும் தேங்கினால் அந்த வாய்க்குரிய குழாயில்தான் கோளாறு. சமையலறை நீர் தொட்டிக்குப் போகவே இல்லை, வாழைப் பாத்திக்குப் போகிறது என்பதும் அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. கொல்லைக்கு ஓடிப் பார்த்தேன். பாத்தியில் குழாயின் வாய் உலர்ந்து கிடந்தது. அடைப்பு சமையலறைக்கும் வாழைக்கும் இடையில்தான்! தொட்டியில் இறங்கியிருந்தால் அவர் எதைக் கண்டிருப்பார்?

பாத்திரத் தொட்டியின் அடியில் குழாய் வளைந்திருக்குமல்லவா? அவ்வளைவில் எப்போதும் சிறிது நீர் நிற்கும். நாற்றம் மேலேறாமல் அது காக்கும். இலண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775இல் கழிவறைக்காக உரிமம் பெற்ற ஏற்பாடு இது. நாற்றத்தைத் தடுக்கும் அதே வளைவுதான் குப்பையையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. அடியில் வாளியை வைத்துத் திருகைக் கழற்றினேன். வாழைநாரும் கூழ்க் கட்டியும் வந்து விழுந்தன. ஆயினும் நீர் முழுமையாக ஓடவில்லை.

மீதியைச் செய்தவர் அந்தத் தொழிலாளர்தாம். நீண்ட மூங்கில் பிளாச்சை வாழைப் பக்கமிருந்து குழாய்க்குள் செலுத்தி, விரல் நுனியால் அதன் அதிர்வை உணர்ந்து, “இங்கே குழாய் படுத்துவிட்டது, வாட்டம் இல்லை” என்றார். நான்கு அங்குலக் குழாய்க்கு 40 அடிக்கு ஓர் அடி சரிவு வேண்டும் என்பது பொறியாளர்களின் பழைய கணக்கு. அவருக்கு அக்கணக்கு கையிலேயே இருந்தது. சூடாக ஊற்றிய வடை எண்ணெய் சரிவற்ற அவ்விடத்தில் ஆறி உறைந்து, கிணற்று உப்புநீரில் திரிந்த சோப்போடு சேர்ந்து, வெண்ணிறக் கட்டியாகக் குழாயின் சுவரில் ஒட்டியிருந்தது. பத்து முறை இழுத்துத் தள்ளியதும் உள்ளே ‘குபுக்’ என்றொரு ஓசை. வாழைப் பாத்தியில் நீர் பாய்ந்தது.

தொட்டியில் இறங்குவதற்குப் பேசிய கூலியைக் குறைக்காமல் அத்தை கொடுத்தார். அவர் அதை எண்ணிப் பார்த்துவிட்டு, “நான்தான் இறங்கவே இல்லையே, அம்மா?” என்றார். அத்தைக்கு உடனே விடை தோன்றவில்லை. திண்ணையில் இலையைப் போட்டு, “உட்காருங்கள், வடை இன்னும் சூடாக இருக்கிறது” என்றார். மரக்கிளையிலிருந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு அவர் வந்து உட்கார்ந்தார்.